மூவாயிரம் மீன் குஞ்சுக்கு ஒரு நாள் சாப்பாடு: பச்சைத் தண்ணீரா, தவிடா, குருணையா?

போன புரட்டாசியில் என் அக்கா மகன் போன் பண்ணினான். திருமங்கலத்துக்கும் டி.கல்லுப்பட்டிக்கும் நடுவில் அவனுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருக்கிறது. அதில் 10 சென்ட் பரப்பில் பண்ணைக்குட்டை வெட்டி, முதல் மழைத் தண்ணீரும் நின்றுவிட்டது. வைகை அணை அரசு மீன்பண்ணைக்குப் போய் 3,000 குஞ்சு வாங்கி, ஆக்சிஜன் பையோடு வந்து இறங்கிவிட்டான். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கலந்து, ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்கும் குறைவு.

"மாமா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தீவனம் போடணும்?"

"கிலோவே வேணாம் மாப்ள, கிராம்ல கேளு. நான் வர்ற வரைக்கும் ஒண்ணும் போடாத."

மறுநாள் வெள்ளனே மேலூரிலிருந்து பஸ் ஏறினேன். பையில் மாவு நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றும், பழைய கொசுவலைத் துணியும் இருந்தன. அவன் யோசித்து வைத்திருந்த வழிகள் மூன்று. சாணம் போட்டுத் தண்ணீரைப் பச்சையாக்கி அப்படியே விட்டுவிடுவது ஒன்று. ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரி தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து போடுவது இரண்டாவது. கடையில் விற்கிற மிதக்கும் குருணைத் தீவனம் மூன்றாவது. மூன்றையும் நான் வெவ்வேறு வருஷங்களில் செய்து பார்த்தவன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐப்பசிக்கு முன்னால் குஞ்சு விடுகிற யாருக்கும் இதே கேள்விதான் வரும்.

முதலில் எடை. கொசுவலையால் ஓரத்தில் மெதுவாக அரித்து நூறு குஞ்சை எடுத்தோம். தண்ணீர் வைத்த பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, தண்ணீர் சொட்ட விட்டுக் குஞ்சுகளை உள்ளே போட்டோம். 25 கிராம் காட்டியது. ஒரு குஞ்சு கால் கிராம் என்றால், 3,000 குஞ்சும் சேர்ந்து முக்கால் கிலோதான். கால் கிராம் குஞ்சு தன் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒரு நாளில் தின்னும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக மொத்தக் குட்டைக்கும் ஒரு நாள் தீவனம் 75 கிராம். டீக் கிளாஸில் இரண்டு கிளாஸ் தவிடு. அக்கா மகனின் வீட்டுக்காரி அந்த இரண்டு கிளாஸையும் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா சித்தப்பா? பட்டினி கெடந்துறாதா?" என்றாள். அவளுடைய கவலை நியாயமானது. மூவாயிரம் வாய் என்று நினைத்தால் கை தாராளமாகத்தான் போகும்.

இந்தப் பத்து சதவீதக் கணக்கு வயதுக்கு வயது மாறும். முட்டை பொரித்து மூன்று நாளான நுண்குஞ்சு ஒரு லட்சத்தை நிறுத்தால் சுமார் 140 கிராம்தான் வரும். ஆனால் நாற்றங்கால் குளத்தில் அந்த ஒரு லட்சத்துக்கு முதல் ஐந்து நாள் தினம் 600 கிராமும், அடுத்த பத்து நாள் 1,200 கிராமும் போடச் சொல்வார்கள். அதாவது உடல் எடையைப் போல நாலு மடங்குக்கும் மேல். அத்தனையும் வயிற்றுக்குள் போவதில்லை, பாதிக்கு மேல் தண்ணீரில் கரைந்து பாசிக்கும் நுண்ணுயிருக்கும் உரமாகிறது. ஓர் அங்குலக் குஞ்சானதும் முதல் மாதம் எடையில் 8 முதல் 10 சதவீதம், அடுத்த இரண்டு மாதம் 6 முதல் 8 சதவீதம். விரல் நீளம் வந்து பெரிய குளத்துக்கு மாறினால் 5 சதவீதம், அரை கிலோ மீனானால் 2 சதவீதம் போதும். மீன் வளர வளர நூற்றுக்கு இத்தனை என்கிற பங்கு குறையும், அள்ளிப் போடுகிற அளவு கூடும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, சின்னக் குஞ்சுக்குப் பெரிய அளவு கொட்டுவதில்தான் பல குட்டைகள் கெட்டுப்போகின்றன.

இன்னொன்றையும் அவளுக்குச் சொன்னேன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கெண்டை இனம். கெண்டைக்கு இரைப்பையே கிடையாது. வாயிலிருந்து நேரே குடல்தான். காலையில் வயிறு நிறையத் தின்று சாயங்காலம் வரை தாங்குகிற அமைப்பு அதற்கு இல்லை. அதனால் 75 கிராமையும் ஒரே வேளையாகப் போடாமல், வெயில் ஏறிய பிறகு ஒன்று, உச்சிக்கு முன்னால் ஒன்று, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும். பிரித்துப் போட்டால் அதே தீவனம் கூடுதலாக உடம்பில் சேரும்.

எனக்கு இது தெரியாத காலம் ஒன்று இருந்தது. நான் முதன்முதலில் குட்டையில் 2,000 குஞ்சு விட்டபோது, தீவனம் வாங்கிய கடையில் கேட்டேன், தினம் ஒரு கிலோ போடுங்கள் என்றார்கள். அப்படியே போட்டேன். பத்து நாளில் தண்ணீர் இளம்பச்சையிலிருந்து கரும்பச்சைக்குப் போனது, ஓரத்தில் ஏடு கட்டியது. தண்ணீர் நல்லா சத்துப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் சூரியனே தெரியவில்லை. மூன்றாம் நாள் விடியக்காலை போய்ப் பார்த்தால், தண்ணீர் மட்டத்தில் ஆயிரம் சின்ன வாய்கள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தோட்டத்து மோட்டாரைக் கெஞ்சி வாங்கி, தண்ணீரை எடுத்து மறுபடி அதிலேயே பீய்ச்சி அடித்தும் முக்கால்வாசி போய்விட்டது. கரையில் கூட்டி அள்ளியபோது ஒரு கூடைகூட நிறையவில்லை. அந்தக் கூடையின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது. மிஞ்சிக் கிடந்த தீவனம் அடியில் அழுகி, பகலில் பாசி தந்த ஆக்சிஜனை ராத்திரியில் தின்று தீர்த்துவிட்டது. மேகமூட்டத்தில் பாசியும் ஆக்சிஜன் தராமல் அதைக் குடிக்க மட்டுமே செய்தது.

அதனால் தீவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் புரதத்தையும் விட முன்னால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: மிச்சம் கிடந்தால் என் கண்ணுக்குத் தெரியுமா?

இனி மூன்று வழிக்கும் வருகிறேன்.

பச்சைத் தண்ணீர். இதைச் சும்மா விடுவது என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் குஞ்சுக்குத் தாய்ப்பால் மாதிரி இதுதான். ஓர் அங்குலக் குஞ்சு விரும்பித் தின்பது நீர்த்தெள்ளு போன்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்பூச்சிகளை. கடையில் காசு கொடுத்து வாங்குகிற எந்தத் தீவனத்துக்கும் குறையாத புரதம் அந்தப் பூச்சியில் இருக்கிறது. குஞ்சு விடுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் சென்டுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு, பிறகு சென்டுக்கு 20 கிலோ வரை சாணத்தைக் கரைத்து ஊற்றினால் தண்ணீர் உயிர் பிடிக்கும். உள்ளங்கையை விரித்து முழங்கை வரை தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கி மறைந்தால் சரியான பச்சை. மணிக்கட்டிலேயே மறைந்தால் அளவு மீறிவிட்டது, சாணத்தை நிறுத்த வேண்டும். தோள் வரை விட்டும் விரல் தெரிந்தால் தண்ணீர் வெறும் தண்ணீர். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் மொண்டு வெயிலுக்கு நேரே பிடியுங்கள். வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டி நீந்தினால் குஞ்சுக்குச் சாப்பாடு இருக்கிறது.

இதற்கு மண் ஒத்துழைக்க வேண்டும். மேலூர்ப் பக்கம் எங்கள் செம்மண் குட்டைகளில் மழை பெய்தால் தண்ணீர் காவி நிறமாகிவிடும். மண் கலங்கல் தெளியாமல் வெயில் உள்ளே இறங்காது, வெயில் இறங்காமல் பாசி வராது. பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வந்து நிற்கிற கண்மாயில் பிரச்சினை குறைவு, புதிதாக வெட்டிய பண்ணைக்குட்டையில்தான் தொல்லை. அக்கா மகனுக்குக் கரிசல். கரை சரியாமல் நின்றால், பச்சை பிடிக்க அவனுக்குச் சிரமமில்லை. வீட்டில் இரண்டு மாடும் நிற்கின்றன.

ஆனால் பச்சைத் தண்ணீரை மட்டும் நம்பினால் எத்தனை நாள் தாங்கும்? சென்டுக்கு 300 குஞ்சு என்கிற நெருக்கத்தில், என் அனுபவத்தில் மூன்று வாரம். அதற்குள் குஞ்சுகள் நாலைந்து மடங்கு கனத்துவிடும், பூச்சி பெருகுகிற வேகத்தைத் தின்கிற வேகம் தாண்டிவிடும். கண்ணாடி பாட்டிலில் புள்ளிகள் காணாமல் போகிற நாள்தான் அதற்கு அடையாளம். அதன் பிறகும் சாணத்தை அதிகமாக்கி ஈடுகட்ட நினைப்பது ஆபத்து. பச்சைச் சாணமும் அழுகும்போது ஆக்சிஜனைக் குடிக்கும்.

தவிடும் புண்ணாக்கும். சரிபாதி சரிபாதி. கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு 40க்கும் மேல் புரதம், தவிட்டில் 12 அல்லது 13. இரண்டும் சேர்ந்தால் குஞ்சுக்குக் கிட்டத்தட்டப் போதுமான சத்து. அரிசி ஆலையிலும் செக்கிலும் நம் கண் முன்னால் கிடைக்கிற பொருள், அதுதான் இதன் பெரிய பலம். ஓர் அங்குலக் குஞ்சுக்கு நன்றாக இடித்து, சல்லடையில் சலித்த மாவாகத்தான் தர வேண்டும். வாய் அம்புட்டுத்தான். பெரிய குஞ்சானால் முந்தின ராத்திரி ஊறவைத்துப் பிசைந்த உருண்டையாக, மூலையில் கட்டிய தட்டில் வைக்கலாம். தட்டை அரை மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்க்கலாம்.

குறை என்னவென்றால், மாவாகத் தூவும்போது அது எங்கே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் குஞ்சின் வாய்க்கு, கொஞ்சம் காற்றுக்கு, மிச்சம் அடிக்கு. ஒரு கிலோ மீன் எடை ஏற இரண்டரை மூன்று கிலோ கலவை செலவாகிறது என்றால், அதில் ஒரு பங்கு உரமாகத்தான் போகிறது. இன்னொரு குறையைப் பலரும் கவனிப்பதில்லை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சில வாரங்களிலேயே சிக்கு நாற்றம் அடிக்கும். புண்ணாக்கு ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பூஞ்சண நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். தினம் 75 கிராம் தின்கிற குட்டைக்கு விலை மலிவு என்று 50 கிலோ மூட்டை வாங்கி மழைக்காலத்தில் திண்ணையில் சாய்த்து வைத்தால், பாதி மூட்டையைக் கெட்ட பிறகுதான் போடுவோம். ஐந்து ஐந்து கிலோவாக வாங்குங்கள். அவன் தயங்கினான், கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட வருமே என்று. முதல் மாதம் முழுக்கவே ஏழு கிலோதான் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு சம்மதித்தான்.

மிதக்கும் குருணை. ஆலையில் வேகவைத்து உப்ப வைத்த தீவனம். சின்னக் குஞ்சுக்கு உடைத்த குருணையாகவும், வளர்ந்தால் மிளகு அளவு உருண்டையாகவும் வருகிறது. குஞ்சுக்கானதில் புரதம் 35 சதவீதத்துக்கு மேல் இருக்கும், மூட்டையின் மேல் அச்சடித்திருப்பார்கள், பார்த்து வாங்க வேண்டும். ஒரு கிலோ எடை ஏற ஒன்றரை கிலோவுக்குப் பக்கத்தில் போதும். இதன் உண்மையான மதிப்பு எனக்கு வேறு இடத்தில் தெரிகிறது. போட்ட தீவனம் மேலேயே நிற்கிறது. பதினைந்து இருபது நிமிஷத்தில் துடைத்த மாதிரி தீர்ந்தால் நாளைக்கு ஒரு கைப்பிடி கூட்டலாம். அரை மணி நேரம் கழித்தும் மிதந்தால் நாளைக்குக் குறைக்க வேண்டும். கணக்குத் தெரியாதவருக்கும் மீனே கணக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். மூங்கிலாலோ பிளாஸ்டிக் குழாயாலோ சதுரமாக ஒரு சட்டம் கட்டி மிதக்க விட்டு அதற்குள் போட்டால் காற்றில் கரை ஒதுங்காது.

ஆனால் கால் கிராம் குஞ்சுக்கு இதைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வயதுக்குத் தருகிற குருணை மாவு போலத்தான் இருக்கும், அதிகம் மிதக்காது, ஆகவே கண்ணில் தெரிகிற லாபம் இல்லை. பக்கத்திலேயே நீர்த்தெள்ளு நீந்தும்போது குஞ்சு அதைத்தான் துரத்தும். ஒரு கிராம் தாண்டிய பிறகு நிலைமை மாறுகிறது. மிர்கால் ஒன்றுதான் யோசிக்க வேண்டியது. அது அடியில் மேய்கிற மீன், மேலே வரத் தயங்கும். அதற்காகக் கொஞ்சம் பிசைந்த தவிட்டு உருண்டையைத் தட்டில் வைத்தே ஆக வேண்டும்.

கோழிக்கடைக் கழிவு போடலாமா என்று பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டார். கெண்டைக் குட்டைக்கு வேண்டவே வேண்டாம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செலவைப் பார்ப்போம். நான் கலவை வாங்கியது சராசரியாகக் கிலோ 40 ரூபாய்க்கு, குருணை 80 ரூபாய்க்கு. உங்கள் பக்கத்து விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி அதேதான். முதல் நாள் 75 கிராம். பதினைந்தாம் நாள் நூறு குஞ்சு 90 கிராம் நிறுத்து, 2,700 உயிரோடு இருப்பதாக வைத்தால் மொத்தம் சுமார் இரண்டரை கிலோ மீன், தீவனம் 215 கிராம். ஒரு மாதத்தில் குஞ்சு இரண்டு கிராம், தீவனம் 400 கிராம். இரண்டாம் மாத முடிவில் ஐந்து கிராம், தீவனம் 650 கிராமை ஒட்டி. மூன்றாம் மாத முடிவில் பத்து கிராம், நாலு அங்குலம், தீவனம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே. கூட்டினால் மூன்று மாதத்துக்குக் கலவை 47 கிலோ, 1,900 ரூபாய். முழுக்கக் குருணையாகவே போட்டால் 30 கிலோ, 2,400 ரூபாய். வித்தியாசம் 500 ரூபாய். அவன் இத்தனை நாள் தூக்கம் கெட்டு யோசித்தது இந்த 500 ரூபாய்க்குத்தான். ஒரே ஒரு மேகமூட்ட விடியலில் இருநூறு முந்நூறு குஞ்சு போனால் அதைவிட நஷ்டம் அதிகம். பெரிய மீன் வளர்க்கும்போதுதான் தீவனச் செலவு கழுத்தை நெரிக்கும். முந்நூறு மீனை ஒரு கிலோவுக்குக் கொண்டுவர நூற்றுக்கணக்கான கிலோ தீவனம் வேண்டும், அங்கே ஒவ்வொரு ரூபாயையும் பார்க்க வேண்டும். குஞ்சுப் பருவத்தில் தீவனத்தின் விலையைவிட, அழுகுகிற மிச்சத்தின் விலைதான் அதிகம்.

நான் சொன்ன முடிவு இது. முதல் மூன்று வாரம் பச்சைத் தண்ணீரை முதல் சாப்பாடாக வைத்துக்கொள். அதோடு சலித்த மாவுக் கலவை கணக்குப்படி, ஒரு கிராம்கூட மேலே வேண்டாம். நூறு குஞ்சு 100 கிராமைத் தாண்டிய வாரத்திலிருந்து மிதக்கும் குருணைக்கு மாறு. நாலு நாளில் படிப்படியாக மாற்று, முதல் நாளே முழுக்க மாற்றாதே. மிர்காலுக்கு ஒரு தட்டு தவிடு. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் நூறு குஞ்சை நிறு.

அவன் கப்பலூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன், பகலில் குட்டைப் பக்கம் நிற்க முடியாது. அவன் வீட்டுக்காரிதான் மாட்டைப் பார்த்துக்கொண்டு காட்டில் இருப்பாள். மூன்று வேளையும் அவள் கை. அவள்தான் கேட்டாள், "மிதக்குறது தீந்துபோச்சான்னு பாக்குறது எனக்கு லேசு சித்தப்பா. கிராம் கணக்கு எனக்கெதுக்கு?" மிதக்கிற காலம் வரும் வரை கிராம் வேண்டும் என்று சொல்லி, ஒரு டீக் கிளாஸில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். இதே குட்டை, பகல் முழுக்கக் கரையில் உட்காரக்கூடிய ஒரு பெரியவர் கையில் இருந்திருந்தால், கலவையையே மூன்று மாதமும் தட்டில் வைக்கச் சொல்லியிருப்பேன். தட்டைத் தூக்கிப் பார்க்கிற பொறுமை இருந்தால் தவிடும் மோசமில்லை. செம்மண் குட்டையாக இருந்தால் பச்சைத் தண்ணீருக்காகக் காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே மாவுக் கலவையை நம்ப வேண்டியிருக்கும், குஞ்சையும் பாதியாகக் குறைத்து விட வேண்டும்.

எழுதி ஒட்டி வைக்கச் சொன்னவை சில. விடிந்ததும் தீவனம் போடக் கூடாது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைவான நேரம் அதுதான். எட்டு எட்டரைக்கு மேல் போடலாம். மேகமூட்டமாக இருந்தால் பாதி, அடைமழை என்றால் ஒன்றும் வேண்டாம். ஒரு நாள் பட்டினியில் எந்தக் குஞ்சும் செத்ததில்லை. மார்கழிக் குளிரில் மீன் மந்தமாகும், அதன் உடம்புச் சூடு தண்ணீரைப் பொறுத்தது. அப்போது மூன்று வேளையை இரண்டாக்கலாம். காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் பசி என்று நினைத்து இன்னும் கொட்டிவிடக் கூடாது. அது மூச்சுக்கு வருகிறது.

ஐப்பசியில் ஒரு தரம் மூன்று நாள் விடாமல் பெய்தது. அவள் போன் பண்ணி, "இன்னைக்கு மூணாவது நாளா ஒண்ணும் போடல சித்தப்பா, மனசு கேக்க மாட்டேங்குது" என்றாள். போடாதம்மா என்றேன். நாலாம் நாள் வெயில் வந்தது, குஞ்சுகள் சட்டத்துக்குள் கொதிக்கிற மாதிரி வந்து தின்றன என்று மறுபடி போன் வந்தது.

மார்கழிக் கடைசியில் போய் இழுத்துப் பார்த்தோம். நூறு குஞ்சு 960 கிராம். எண்ணிக்கை 1,900ஐ ஒட்டி, விட்டதில் 100க்கு 63. இந்தக் கணக்குக்கு 60க்கு மேல் வந்தாலே நல்ல விளைச்சல். 10 சென்டுக்குப் பெரிய மீனாக வளர்க்க 300 போதும், அதை மட்டும் குட்டையில் விட்டுவிட்டு மீதியைப் பேரையூர்ப் பக்கம் கண்மாய் குத்தகை எடுத்தவர்கள் இருவர் வந்து எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள். நிறுத்த 300 குஞ்சும் மூன்று கிலோவுக்குப் பக்கம் இருந்தன. அடுத்த நாளிலிருந்து அவற்றுக்கு ஐந்து சதவீதம், 150 கிராம். அவள் அந்தக் கோடு போட்ட டீக் கிளாஸை மறுபடி எடுத்து வந்தாள், நான்கு கிளாஸ் என்று கணக்குச் சொன்னாள்.